குளிர்ந்த நீருக்குக் காவல்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஸ்டீம்போட் என்றொரு காட்டோடை இருக்கிறது. ஜூலை பிறந்துவிட்டால் அதில் தண்ணீர் மெலியும். பாறையில் ஏறிய சூடு தண்ணீரிலும் ஏறும். குளிர்நீரில் வாழும் மீன்களுக்கு அது மூச்சு முட்டும் காலம். அந்த ஓடையின் ஒரு வளைவில், பிக் பெண்ட் என்ற இன்னொரு சின்ன ஓடை மர நிழலுக்குள்ளிருந்து வந்து சேர்கிறது. அந்தத் தண்ணீர் மட்டும் கோடையிலும் சில்லென்று இருக்கும். இரண்டும் கலக்கும் இடத்தில் ஒரு மடு. கோடை முழுக்க அந்த மடுவின் அடியில் இரண்டடி, இரண்டரை அடி நீள மீன்கள் நூற்றுக்கணக்கில், வரும் தண்ணீரைப் பார்த்துத் தலை வைத்து நின்றுகொண்டிருக்கும்.

அவை ஸ்டீல்ஹெட் மீன்கள். பசிபிக் கடலிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீச்சல் போட்டு வந்தவை. வந்த இடத்தில் அவை இரை தேடி அலைவதில்லை. கடலில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. இலையுதிர் கால மழை இறங்கி, ஓடை குளிர்ந்து பெருகினால்தான் இன்னும் மேலே ஏறி முட்டையிட முடியும். அதுவரை அந்த ஒரு மடுதான் புகலிடம்.

ஒரே இடத்தில், தெளிந்த நீரில், ஓட வழியில்லாமல் நூற்றுக்கணக்கில் பெரிய மீன்கள் நின்றால் என்ன நடக்கும் என்பதை நம் ஊர் ஆறுகளில் தோட்டா போட்டு மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கும் அதுதான் நடந்தது. அந்த மடுவுக்கு உள்ளூரில் 'டைனமைட் குழி' என்றே ஒரு பெயர் இருந்தது. ஸ்டீம்போட் ஓடையிலும் அதன் கிளைகளிலும் மீன் பிடிப்பதை 1930களின் தொடக்கத்திலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் காட்டுக்குள் சட்டம் எப்போதும் கண் விழித்திருப்பதில்லை.

1990களின் கடைசியில் லீ ஸ்பென்சர் என்றொருவர் அந்த மடுவின் கரைக்கு வந்து உட்கார்ந்தார். தொல்லியல் படித்து, அந்தத் தொழிலும் செய்தவர். மே மாதம் ஒரு சின்ன வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவார். குளிர்மழை பிடித்து மீன்கள் மடுவை விட்டு மேலேறும்வரை அங்கேயே இருப்பார். கூட ஒரு நாய். துப்பாக்கி இல்லை, அதிகாரமும் இல்லை. யாராவது வந்தால் உட்காரச் சொல்லி, கீழே தெரியும் மீன்களைக் காட்டி, அவை எங்கிருந்து வந்தன என்று சொல்வார். ஒரு மனிதர் எந்நேரமும் அங்கே இருக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது. வெடி வைக்க வருகிறவனுக்குச் சாட்சி ஆகாது.

காவலுக்கு வந்தவர் கவனிக்கத் தொடங்கினார். நீரின் வெப்பநிலை, எத்தனை மீன், எந்த நேரத்தில் துள்ளின, எந்த இலையை நோக்கி எழும்பின, நீர்நாய் வந்தபோது கூட்டம் எப்படிக் கலைந்தது என்று நாள் தவறாமல் குறிப்பெடுத்தார். பதினான்கு பருவங்களின் குறிப்புகள் 2017இல் ஒரு புத்தகமாக வந்தன. ஆய்வகம் எதுவும் தராத அறிவு அது. ஒரே இடத்தில் பல ஆண்டுகள் உட்கார மனமுள்ள ஒருவருக்கு மட்டும் கிடைப்பது.

ஸ்டீல்ஹெட் என்பது தனி இனம் அல்ல. ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில், 1907இல் ஆங்கிலேயர் தொடங்கிய பொரிப்பகத்தில் பார்க்கிறோமே ரெயின்போ ட்ரவுட், அதே மீன்தான். ஒரே தாய் இட்ட முட்டைகளிலேயே ஒரு குஞ்சு ஆயுள் முழுக்க ஓடையிலேயே தங்கி ஒன்றரைச் சாண் ரெயின்போவாக இருந்துவிடலாம். இன்னொன்று இரண்டு ஆண்டு ஓடையில் வளர்ந்து, ஒரு வசந்தத்தில் உடம்பெல்லாம் வெள்ளியாக மாறி, கடலுக்குப் போய்விடலாம். கடலில் இரண்டு மூன்று ஆண்டுகள் மேய்ந்து கொழுத்துத் திரும்பும்போது அதன் பெயர் ஸ்டீல்ஹெட். பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறது. பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் சரளைக் கற்களை அடித்துக் கிளப்பி, குழி தோண்டி முட்டையிடும். பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியில்லை. பிழைத்தால் மறுபடி கடலுக்குப் போகும், மறுபடி வரும்.

நீலகிரியில் இதே மீன் விருந்தாளி. வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காக வந்து சேர்ந்தது. நுவரெலியா மலைகளிலும் அப்படித்தான். நீலகிரியில் நாம் முதலில் கவலைப்பட வேண்டியது மோயாற்றில் எஞ்சியிருக்கும் திமில் மஹசீரைப் பற்றி. அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலகப் பட்டியலில் ஏறிய, காவிரிப் படுகைக்கே உரிய மீன் அது. ஒரு மீன் எந்த ஆற்றில் பிறந்து வளர்ந்ததோ அந்த ஆற்றில் அதைக் காப்பதுதான் இந்தக் கட்டுரையின் பேச்சு. ஸ்டீல்ஹெட்டுக்கு அந்த ஆறுகள் வட பசிபிக்கின் கரைகளில் இருக்கின்றன.

இறகு, நூல், ஒரு முள்

ஸ்டீம்போட் ஓடை போய்ச் சேரும் ஆற்றின் பெயர் வடக்கு அம்ப்குவா. எரிமலைப் பாறைகள் குடித்து வைத்த பனிநீர் ஊற்றாகக் கசிந்து வருவதால் நடுக்கோடையிலும் வற்றாத ஆறு. மரகதப் பச்சை நிறம். இதில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1952 முதல் ஃப்ளை ஃபிஷிங் தவிர வேறு எந்த முறையிலும் மீன் பிடிக்கக் கூடாது. புழு கூடாது, மீன்முட்டை கூடாது, மின்னும் தகடு கூடாது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் ரோமமும் நூலும்தான். ஊதினால் பறக்கும். கனமெல்லாம் நரம்பில் இருக்கிறது. பூச்சுப் பூசிய தடித்த நரம்பு, அதன் நுனியில் மெல்லிய தங்கூசி, அதன் நுனியில் அந்த இறகுப்பூச்சி. கோலை வீசும்போது நரம்பு காற்றில் ஒரு வளையமாகச் சுருண்டு, அவிழ்ந்துகொண்டே போய், கடைசியில் பூச்சியை நீரின் மேல் விடுகிறது. வடக்கு அம்ப்குவாவில் முதுகுக்குப் பின்னால் காடும் பாறையும் நெருங்கி நிற்கும். பின்பக்கம் நரம்பை விரிக்க இடமில்லை. ஆகவே ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் உருவான முறையைக் கையாள்கிறார்கள். இரண்டு கையாலும் நீண்ட கோலைப் பிடித்து, நரம்பைத் தண்ணீரிலேயே ஊன்றி, அந்தப் பிடிமானத்திலிருந்து முன்னே எறிவது.

அந்த ஆற்றங்கரையில் பலரும் பெட்டியில் வைத்திருக்கும் ஒரு பூச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெயர் க்ரீன் பட் ஸ்கங்க். கறுப்பு முள். வாலுக்குச் சிவப்பு இறகின் சில இழைகள். அடுத்து இரண்டே சுற்று, கண்ணைப் பறிக்கும் பச்சை நூல். பிறகு கறுப்பு உடல். அதைச் சுற்றி வெள்ளிச் சரிகை. கழுத்தில் கறுப்பு இறகைச் சுற்றி, மேலே வெள்ளை ரோமத்தைச் சிறகாகக் கட்டி முடிச்சிடுகிறார்கள். எந்த உயிருள்ள பூச்சியையும் போல இது இல்லை. எதற்காக ஸ்டீல்ஹெட் இதைக் கவ்வுகிறது என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் கிடையாது. ஆற்றில் அது பெரும்பாலும் இரையெடுப்பதில்லை. குஞ்சாக இருந்தபோது இதே ஓடையில் பூச்சி பிடித்த பழக்கம் என்கிறார்கள் சிலர். எரிச்சல் என்கிறார்கள் சிலர். ஆர்வம் என்று சொல்பவர்களும் உண்டு. பிக் பெண்ட் மடுவில் மிதந்து வரும் இலையையும் சுள்ளியையும் மீன்கள் எழும்பி வந்து சோதித்ததைப் பார்த்தவர்கள் கடைசிப் பேச்சின் பக்கம் சாய்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

மீனவர் ஆற்றில் இடுப்பளவு இறங்கி நிற்கிறார். காலடியில் தட்டையான பாறைகள். நடுநடுவே திடீரென்று ஆளை விழுங்கும் பிளவுகள். எல்லாவற்றின் மேலும் பாசி. இரும்பு முளை பதித்த செருப்பில்லாமல் இங்கே யாரும் கால் வைப்பதில்லை. ஆற்றுக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி எறிகிறார். நீரோட்டம் நரம்பைத் தள்ள, பூச்சி ஒரு வில் போட்டதைப் போல அக்கரையிலிருந்து இக்கரைக்கு நீந்தி வருகிறது. ஒன்றும் இல்லை. ஓரடி கீழே நகர்ந்து, மறுபடி எறிகிறார். ஒன்றும் இல்லை. ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அங்கே வழக்குச் சொல்லே இருக்கிறது. நாள் முழுக்க நின்று வெறுங்கையோடு திரும்புவதுதான் சாதாரணம். கிடைக்கும் அந்த ஒரு நொடியில் நரம்பு நின்று கனக்கிறது. அடுத்த கணம் ரீல் அலறுகிறது.

வெறுங்கையோடு நிற்கும் அந்த நேரத்தில்தான் ஆறு மனிதருக்குள் இறங்குகிறது. எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தணிகிறது, எந்தக் கிளையோடை சேரும் இடத்தில் கால் விறைக்கிறது, போன ஆண்டு தெளிந்திருந்த மடு இந்த ஆண்டு ஏன் மழைக்கு மழை கலங்குகிறது என்பதெல்லாம் நிற்கிறவருக்கு மட்டும் தெரியும். இவ்வளவு கஷ்டமான முறையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். புழு வைத்துப் பிடிப்பவர் மீனைத் தெரிந்துகொண்டால் போதும். இவர்கள் தண்ணீரைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

பிடித்த காட்டு ஸ்டீல்ஹெட்டை விட்டுவிட வேண்டும். அது சட்டம். முள்ளில் எதிர்முள் இருக்கக் கூடாது. கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலம் போய் நோய் தொற்றும். தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்தின் பக்கம் வைத்துப் பிடித்திருந்தால், மூச்சு வாங்கித் தானாகப் போய்விடும். ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால் இத்தனை பக்குவமும் பலிக்காது. வெந்நீரில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த மீன் போய் ஒரு பாறையடியில் செத்துவிடும். அதனால்தான் மான்டானா மாநிலத்தில், தொடர்ந்து மூன்று நாள் ஆற்றின் வெப்பம் 23 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறினால், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு மீன் பிடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

தின்னாத மீனை எதற்காகத் துன்புறுத்த வேண்டும்? நியாயமான கேள்வி. மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியும்கூட. லீ ஸ்பென்சர் தமக்கென்று ஒரு பதில் வைத்திருந்தார். முள்ளின் கூரிய முனையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்குவார். மீன் எழும்பி வரும், கவ்வும், ஒரு கணம் இழுக்கும், விட்டுவிடும். அந்த எழும்புதலைப் பார்ப்பதே அவருக்குப் போதும். எல்லோரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஆனால் இந்த ஆற்றின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், நல்லது நடந்த இடங்களிலெல்லாம் மீன் பிடிக்கிறவர்களே எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஓடையை விட்டார்கள், புழுவை விட்டார்கள், மீனை விட்டார்கள், இவர் முள்முனையையும் விட்டார்.

விடுதிக்காரரும் மரம் வெட்டிகளும்

ஃப்ராங்க் மூர் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி கரையில் இறங்கிய சிப்பாய்களில் ஒருவர். ஊர் திரும்பி, மனைவி ஜீனுடன் சேர்ந்து வடக்கு அம்ப்குவாவின் கரையில் 1957இல் ஸ்டீம்போட் இன் என்ற விடுதியைக் கட்டினார். ஃப்ளை மீனவர்கள் வந்து தங்கும் இடம். ஆற்றை அவரைவிட அறிந்தவர் யாரும் இல்லை என்ற நிலை வந்தது. அறுபதுகளில் அவர் கண்ணெதிரே ஆறு மாறத் தொடங்கியது.

மரக் கம்பெனிகள் டக்ளஸ் ஃபிர் காட்டை ஓடையின் கரை வரைக்கும் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. சின்னச் சின்ன ஓடைகள்தானே, அங்கே பெரிய மீன் ஏது என்பது அவர்கள் வாதம். வெட்டிய மரத்தை இழுக்க ஓடையின் படுகையையே பாதையாக்கினார்கள். ஆனால் ஸ்டீல்ஹெட் முட்டையிடுவதும் குஞ்சுகள் இரண்டு ஆண்டு வளர்வதும் அந்தச் சின்ன ஓடைகளில்தான். நிழல் போனதும் தண்ணீர் சூடேறியது. சரிவின் மண் கரைந்து வந்து சரளையின் இடுக்குகளை அடைத்தது. முட்டைக்குள் உயிர் மூச்சுவிடுவது அந்த இடுக்குகள் வழியாக ஓடும் நீரால்தான். இடுக்கு அடைபட்டால் குழி கல்லறையாகிவிடும்.

மூர் கத்திப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. விடுதிக்கு வந்துபோகும் மீனவர்களில் ஹால் ரைனி, டிக் ஸ்னைடர் என்ற இருவர் படம் எடுக்கத் தெரிந்தவர்கள். 1968இல் அவர்கள் 'பாஸ் க்ரீக்' என்றொரு குறும்படம் எடுத்தார்கள். கரை மரங்கள் வெட்டப்பட்ட ஓடையையும் வெட்டப்படாத ஓடையையும் காட்டியது அந்தப் படம். மூர் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள், சட்டமன்றக்காரர்கள், மரக் கம்பெனிக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் போட்டுக் காட்டினார். 1971இல் ஓரிகன் தன் காட்டுத்தொழில் சட்டத்தை நிறைவேற்றியது. தனியார் காடுகளிலும் ஓடைக்கரையைப் பற்றி யோசித்தே மரம் வெட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த நாட்டில் அதுதான் முன்னோடி. சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. பிறகு பலமுறை சண்டை போட்டு அடைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஓடையும் காடும் ஒரே பொருள் என்பது அன்று எழுத்தில் ஏறியது.

2019இல் ஸ்டீம்போட் ஓடையைச் சுற்றியுள்ள ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் அரசுக் காட்டை, காட்டு ஸ்டீல்ஹெட்டுக்கான சிறப்பு மேலாண்மைப் பகுதியாக அமெரிக்க நாடாளுமன்றம் அறிவித்தது. அதற்கு ஃப்ராங்க், ஜீன் இருவர் பெயரையும் வைத்தார்கள். ஜீன் அந்தக் காட்டின் செடிகொடிகளை ஆராய்ந்தவர். கணவர் நீருக்குச் செய்ததை அவர் நிலத்துக்குச் செய்தார். ஒரு மீனுக்காக, அதுவும் அது நிற்கும் நீரின் குளிர்ச்சிக்காக, மலையையே ஒதுக்கி வைப்பது என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த ஆண்டே தீ வந்தது. 2020 செப்டம்பரில் கீழைக்காற்று அடித்த சில நாட்களில் ஆர்ச்சி க்ரீக் தீ ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் தின்றது. மூர் தம்பதியின் வீடும் அதில் போயிற்று. கரையோரக் காடு கருகியதால் ஆற்றுக்கு நிழல் குறைந்தது. 2021 கோடையில் மேற்கு அமெரிக்காவை வரலாறு காணாத வெப்ப அலை தாக்கியது. அந்த ஆண்டு ஏறி வந்த காட்டு ஸ்டீல்ஹெட் சில நூறுதான். மாநில அரசு பருவத்தின் நடுவிலேயே மீன் பிடிப்பை நிறுத்தியது. மூர் 2022 ஜனவரியில், தம் 98ஆம் வயதில் காலமானார்.

பண்ணைக் குஞ்சு என்னும் ஆறுதல்

மீன் குறைந்தால் பண்ணையில் பொரித்து ஆற்றில் விட்டால் போயிற்று என்று தோன்றும். அமெரிக்கா நூறு ஆண்டுக்கு மேல் அப்படித்தான் நினைத்தது. அணை கட்டலாம், காடு வெட்டலாம், ஆற்றைத் திருப்பலாம். பக்கத்தில் ஒரு பொரிப்பகம் கட்டினால் கணக்கு சரியாகிவிடும். என் பார்வையில், ஆறுகளுக்கு அந்த நாடு செய்த பெரிய துரோகம் இந்த நம்பிக்கைதான். ஏனென்றால் இதை வைத்துத்தான் மற்ற எல்லாத் துரோகங்களையும் நியாயப்படுத்தினார்கள்.

மான்டானாவில் மேடிசன் ஆற்றை ஆராய்ந்த டிக் வின்சென்ட் என்ற மீன் உயிரியலாளர், பண்ணை ட்ரவுட் விடுவதை நிறுத்திய இடத்தில் காட்டு ட்ரவுட் பெருகுவதைக் கண்டார். சொன்னபோது நம்ப ஆளில்லை. கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள், மீனவர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். 1974இல் அந்த மாநிலம் தன் ஆறுகளில் பண்ணை ட்ரவுட் விடுவதை நிறுத்தியது. இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் ட்ரவுட்டுக்காக மான்டானாவுக்கு ஆட்கள் போகிறார்கள்.

ஸ்டீல்ஹெட்டில் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். ஓரிகனின் ஹூட் ஆற்றில் ஹிடோஷி அராகி, மைக்கேல் ப்ளூயின் ஆகியோர் நடத்திய மரபணு ஆய்வு 2007இல் வெளியானது. பண்ணையில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், காட்டில் குஞ்சு பொரித்துத் தழைக்கும் திறன் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது என்றது அது. சிமென்ட் தொட்டியில், கையால் எறியும் தீவனத்துக்கு முண்டியடிக்கும் குஞ்சுதான் அங்கே பிழைக்கிறது. அதே குணம் ஆற்றில் அதைக் கொக்குக்கு இரையாக்கும். அந்த மீன் காட்டு மீனோடு கூடினால் பலவீனம் அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

வடக்கு அம்ப்குவாவில் ராக் க்ரீக் பொரிப்பகம் 2020 தீயில் எரிந்தது. 2022 ஏப்ரலில், அந்த ஆற்றில் கோடை ஸ்டீல்ஹெட் (கோடையில் ஆறேறி வருவது) குஞ்சுகளைப் பண்ணையிலிருந்து விடுவதை நிறுத்த மாநில மீன்வள ஆணையம் வாக்களித்தது. ஊர் இரண்டுபட்டது. வழக்கும் நடந்தது. பண்ணை மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம். காட்டு மீனை விட்டுவிட வேண்டும். சமைக்கிறவர் கோபப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. மீன் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது பழைய உரிமை. ஆனால் சில நூறு காட்டு மீன்களே மிச்சமிருக்கும் ஆற்றில் அந்த உரிமையைக் கொஞ்ச காலம் ஒத்திவைக்கத்தான் வேண்டும்.

ஆறு யாருடையது?

இங்கே ஒரு கசப்பான அத்தியாயத்தைத் தாண்டிப் போக முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீல்ஹெட்டை 'விளையாட்டு மீன்' என்று சட்டம் போட்டு ஒதுக்கியவர்கள் வெள்ளைக்கார மீனவர்கள். காலங்காலமாக அந்த மீனை வலைபோட்டுப் பிடித்து வாழ்ந்த பழங்குடிகளை அந்தச் சட்டத்தைக் காட்டிக் கைது செய்தார்கள். 1850களின் ஒப்பந்தங்களில் நிலத்தை எழுதிக்கொடுத்தபோது மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் அந்த மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நிஸ்குவாலி பழங்குடியின் பில்லி ஃப்ராங்க் ஜூனியர் முதல்முறை கைதானபோது வயது 14. பிறகு ஐம்பது முறைக்கு மேல். 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். விளையாட்டு மீனவர்கள் தெருவில் இறங்கி நீதிபதியின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். ஃப்ளை ஃபிஷிங்கை நேசித்து எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதி மீன் தம்முடையது என்றான பிறகு, மீனே இல்லாமல் போகும்படி ஆற்றைக் கெடுப்பவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கும் வலிமையும் பழங்குடிகளுக்கு வந்தது. பின்னாளில் சில ஆறுகளில் அணைகள் விழுந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

கலிஃபோர்னியாவும் ஓரிகனும் பங்குபோடும் கிளமாத் ஆற்றில் 2002 செப்டம்பரில் குறைந்தது 34,000 மீன்கள், பெரும்பாலும் சால்மன்கள், செத்து மிதந்தன. நீர் குறைந்து, சூடேறி, நோய் பரவியதுதான் காரணம். கரையில் நின்று பார்த்த யூரோக், காருக் பழங்குடி மக்கள், ஆற்றை மறித்து நின்ற நான்கு அணைகளை அகற்றச் சொல்லி அதற்குப் பிறகு இருபது ஆண்டு ஓயவில்லை. 2024இல் நான்காவது அணையும் போய்விட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அணைகள் இருந்த இடங்களையெல்லாம் தாண்டி ஓரிகனுக்குள் ஒரு கிளையோடையில் சினூக் சால்மன் தென்பட்டது. 1912க்குப் பிறகு அங்கே வந்த முதல் சால்மன்.

ஸ்டீல்ஹெட்டைப் பொறுத்தவரை இன்னும் பெரிய ஆச்சரியம் எல்வா ஆற்றில் நடந்தது. வாஷிங்டனின் ஒலிம்பிக் மலைகளிலிருந்து இறங்கிக் கடலில் சேரும், 72 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆறு. 1913இல் அதன் குறுக்கே முதல் அணை எழுந்தது. 1927இல் மேலே, 64 மீட்டர் உயரத்தில் இரண்டாவது. இரண்டிலும் மீன் ஏறுவதற்குப் படி இல்லை. கடலிலிருந்து வந்த மீன்கள் கடைசி எட்டு கிலோமீட்டருக்குள் முட்டி மோதி நின்றன. லோயர் எல்வா கிளாலம் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் படைக்கப்பட்டதாக நம்பும் இடமே நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியது. 1992இல் நாடாளுமன்றம் ஆற்றை மீட்கச் சட்டம் போட்டது. ஆனாலும் 2011இல்தான் உடைக்கத் தொடங்கினார்கள். 2014இல் மேலணையின் கடைசித் துண்டும் போயிற்று. மொத்தச் செலவு ஏறக்குறைய 32.5 கோடி டாலர். நூறாண்டாகத் தேங்கியிருந்த ஏறத்தாழ இரண்டு கோடி கன மீட்டர் வண்டலில் பெரும்பகுதி கிளம்பி ஆற்றைக் கலக்கியது. முகத்துவாரத்தில் கரைந்து போயிருந்த கடற்கரை மறுபடி வளர்ந்தது. கிளாலம் மக்களின் படைப்புத் தலம் வெளியே வந்தது.

மேலணைக்கு மேலே என்ன இருந்தது? அணை எழுந்தபோது அங்கே அடைபட்டுப் போன மீன்களின் வாரிசுகள். கடலுக்குப் போக வழியில்லாமல், தலைமுறை தலைமுறையாக மலை ஓடைகளில் சின்ன ரெயின்போ ட்ரவுட்டாக வாழ்ந்தவை. எல்வாவின் கோடை ஸ்டீல்ஹெட் ஏறக்குறைய அழிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். அணை போன சில ஆண்டுகளிலேயே கோடை ஸ்டீல்ஹெட் நூற்றுக்கணக்கில் மேல் ஓடைகளுக்கு ஏறி வந்தது. நீருக்குள் மூழ்கி எண்ணிய உயிரியலாளர்கள் தம் கண்ணை நம்பவில்லை. மரபணுவைப் பார்த்தபோது விடை கிடைத்தது. அவற்றில் பல, மேலே அடைபட்டிருந்த அந்த ட்ரவுட்டின் வழிவந்தவை. கடலே காணாத நூறாண்டுக்குப் பிறகு, வழி திறந்ததும் அவற்றின் குஞ்சுகள் வெள்ளியாக மாறிக் கடலுக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. யாரும் பொரித்து விடவில்லை. தேசியப் பூங்காவுக்குள் இருந்த மேல் ஓடைகள் நிழலோடும் குளிரோடும் கைபடாமல் இருந்தன, அங்கே ட்ரவுட்டை யாரும் அழித்துவிடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவேதான் ஓடை ட்ரவுட்டை அற்பமாக நினைக்கக் கூடாது என்று ஸ்டீல்ஹெட் மீனவர்கள் இப்போது சொல்கிறார்கள். ஒரு சாண் மீன் நிற்கும் மலை ஓடைதான் இரண்டரை அடி மீனின் சேமிப்புக் கிடங்கு. பெரிய ஆற்றில் மீன் பிடிப்பதை நிறுத்தினாலும், மேலே ஒரு பாதை போட்டு ஓடையைச் சூடாக்கினால் பலன் இருக்காது. வடக்கு அம்ப்குவாவில் எரிந்த மரத்தை அள்ளுகிறோம் என்று செங்குத்துச் சரிவுகளில் மறுபடி இயந்திரம் இறக்குவதை அங்குள்ள மீனவர்கள் எதிர்ப்பதற்கு இதுதான் காரணம். 1890இல் ரோஸ்பர்க் அருகே கட்டிய வின்செஸ்டர் அணை இன்னும் அந்த ஆற்றில் நிற்கிறது. மின்சாரமும் தருவதில்லை, வெள்ளமும் தடுப்பதில்லை. அதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியையும் அவர்கள் விடுவதாயில்லை.

எல்வாவில் 2011இல் மீன் பிடிப்பது அனைவருக்கும் நிறுத்தப்பட்டது. கிளாலம் மக்களும் தங்கள் ஒப்பந்த உரிமையை மடித்து வைத்தார்கள். 2023 இலையுதிர் காலத்தில், சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மட்டும் என்று வரம்பு கட்டி, அணையில்லாத தங்கள் ஆற்றில் அவர்கள் முதன்முறையாக இறங்கினார்கள். பிடித்தது கோஹோ சால்மன். ஸ்டீல்ஹெட்டை அந்த ஆண்டும் தொடவில்லை.